சாவுக் கணக்கும் ஊரடங்கும்: ஒரு வானொலிப் பேச்சை முன்வைத்து

1

"ஊரடங்கு போட்ட நாட்லயும் செத்தான், போடாத நாட்லயும் செத்தான். கணக்குப் போட்டுப் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் நூத்துக்குக் கால்கூட இல்ல. நான் சொல்லல, ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சொல்லுது."

புதுச்சேரியில் ஒரு டீக்கடை. கல்லாப்பெட்டி மேல் வைத்திருந்த செல்பேசியில் பண்பலை ஓடிக்கொண்டிருந்தது. பேசியவருக்கு நல்ல குரல். அடுத்த வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. இரண்டாவதாக ஒன்று சொன்னார்: "நம்ம பாண்டிச்சேரியவே எடுத்துக்குங்க. அடைச்சி வச்சிருந்தப்ப சாவு இல்ல. தொறந்து வுட்டப்புறம்தான் வந்துச்சு. அப்ப அத்தன நாளு அடைச்சி வச்சி இன்னா பிரயோஜனம்?" மூன்றாவதாக முத்தாய்ப்பு: "கொரோனா சாதி பாக்கல, காசு பாக்கல. எல்லாருக்கும் ஒரே சாவுதான்."

என் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். "மெய்தாம்பா சொல்றான். நோய் எங்க நம்மள சாவடிச்சிது? அடைச்சி வச்சில்ல சாவடிச்சானுங்க" என்றார்.

மாமாவின் அந்தத் தலையாட்டல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவருடைய கோபம் நியாயமானது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை வானொலிக்காரர் கூலி கொடுக்காமல் தன் வாதத்துக்கு வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊரடங்கு நம் மக்களைக் கொன்றது என்பது ஒரு கூற்று. ஊரடங்கு யாரையும் காப்பாற்றவில்லை என்பது வேறு கூற்று. முதலாவதற்கு நம்மிடம் சாட்சிகள் இருக்கிறார்கள். இரண்டாவது நிரூபிக்கப்படாதது மட்டுமல்ல, நமக்கு ஆபத்தானது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டால், அடுத்த கொள்ளைநோய் வரும்போது "கட்டுப்பாடு வேணாம், ஆள வேலைக்கு அனுப்பு" என்று சொல்பவனுக்கு நம் பிணங்களே ஆதாரமாகிவிடும். அப்போது முதலில் வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களும் நாமாகத்தான் இருப்போம்.

எந்த நிலையம், யார் குரல் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இது ஒருவருடைய பேச்சல்ல. உலகம் முழுக்கப் பல மொழிகளில் சுற்றிவந்த பேச்சு, தமிழ் பேசக் கற்றுக்கொண்டு நம் டீக்கடைக்கு வந்திருக்கிறது. அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, வரி வரியாக வாசித்துப் பார்ப்போம். இந்தியாவில் தனியார் பண்பலை, சொந்தச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு பிறந்தது. செய்திக்குத்தான் தடை, "பேச்சு"க்குத் தடையில்லை. செய்தி என்றால் ஆதாரம் எங்கே என்று கேட்கலாம். பேச்சிடம் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

2

முதலில் அந்த "நூத்துக்குக் கால்கூட இல்ல".

எண் 0.2 சதவீதம். 2022 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வறிக்கையில் இருக்கிறது. எழுதியவர்கள் யோனாஸ் ஹெர்பி, லார்ஸ் யோனுங், ஸ்டீவ் ஹான்கே. மூவரும் பொருளாதாரத் துறையினர். இவர்களில் ஹான்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அந்த ஒருவரின் முகவரியை வைத்துத்தான் "ஹாப்கின்ஸ் சொல்லுது" என்றாகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி எடுத்த முடிவு அல்ல அது. துறை அறிஞர்கள் படித்துச் சரிபார்த்த பிறகு வெளியான இதழ்க் கட்டுரையுமல்ல. நம் ஊரில் ஒரு பேராசிரியர் தன் அறையில் எழுதியதைப் பல்கலைக்கழகத் தீர்மானம் என்று சொல்வது போலத்தான் இது.

அறிக்கைக்குள் போனால் இன்னும் இருக்கிறது. அது புதிதாகச் சாவுகளை எண்ணிய ஆய்வு அல்ல, மற்றவர்கள் செய்த ஆய்வுகளின் தொகுப்பு. ஆயிரக்கணக்கில் தேடி, கடைசியில் 24 ஆய்வுகளைக் கணக்கில் சேர்த்தார்கள். இந்த 0.2 என்ற எண் அவற்றில் ஏழே ஏழு ஆய்வுகளிலிருந்து வந்தது. அந்த ஏழிலும் ஏறக்குறைய முழு எடையும் ஒரே ஓர் ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஏழு பேர் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள் என்கிறார்கள். ஆனால் ஒருத்தர் கையில்தான் எல்லா ஓட்டும் இருந்தது. அதே ஆசிரியர்கள் பிறகு திருத்தி வெளியிட்டபோது 0.2 என்பது 3.2 ஆனது. எண் பதினாறு மடங்கு ஆகிவிட்டது. வானொலிக்காரர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்து, "ஊரடங்கு" என்ற சொல். அரசு கட்டாயமாக்கிய ஏதாவது ஒரு நடவடிக்கை இருந்தாலே அந்த அறிக்கையில் அது ஊரடங்கு. முகக்கவசம் கட்டாயம் என்றாலும் ஊரடங்கு. நமக்கு அந்தச் சொல் என்ன? 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நாட்டையே பூட்டி, மே 31 வரை நீட்டியது. லத்திக்கு அடிபட்ட கால்தான் நமக்கு ஊரடங்கு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதே ஒரு மோசடி. 0.2 என்ற எண் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கண்ட முதல் அலையைப் பற்றியது. புதுச்சேரிக்காக அதில் யாரும் எதையும் அளக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் எண்ணையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. 2020 ஜூனில் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், பதினொரு ஐரோப்பிய நாடுகளில் கட்டுப்பாடுகள் சுமார் 31 லட்சம் உயிர்களைக் காத்தன என்று கணித்தார்கள். அதுவும் ஒரு மாதிரிக் கணக்கு. தாமாகவே வீட்டில் இருந்துகொண்ட மக்களின் பங்கையும் சட்டத்தின் பங்கையும் அது பிரித்துப் பார்க்கவில்லை என்ற விமர்சனம் உண்டு. அந்த விமர்சனம் சரியானது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மக்கள் நெருங்காமல் இருந்தபோது தொற்று குறைந்தது. அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, அச்சத்தின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு நடக்கிறது.

"போடாத நாடு" என்று அவர் சொன்னது சுவீடனை. 2020 முதல் 2022 வரை மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் சுவீடனில் கூடுதல் சாவு ஐரோப்பாவிலேயே குறைந்த பட்டியலில் வருகிறது. இது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் 2020-ஐ மட்டும் எடுத்தால், மக்கள்தொகை விகிதத்தில் பக்கத்து நாடான நார்வேயைப் போலப் பத்து மடங்கு கொரோனா சாவு அங்கே. டென்மார்க்கைப் போல நான்கு மடங்குக்கும் மேல். தொடக்கத்தில் அங்கே செத்தவர்கள் யார்? 2020 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் இறந்த முதல் பதினைந்து பேரில் ஆறு பேர் சோமாலியாவிலிருந்து குடியேறியவர்கள் என்று அங்கிருந்த சோமாலிய மருத்துவர்களே சொன்னார்கள். நகரத்தின் விளிம்பில் நெருக்கமான வீடுகளில் வாழ்ந்து, வாடகைக் கார் ஓட்டிய கறுப்பர்கள். "போடாத நாட்டின்" முதல் பிணங்கள் யாருடையவை என்பது அந்த நாட்டின் சராசரியில் தெரியாது.

வானொலிக்காரர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், முதல் நாளிலிருந்தே சம்பள ஈடு கிடைக்கும்படி 2020 மார்ச்சில் சுவீடன் விதியைத் தளர்த்தியது. பூட்டாத நாடு, வீட்டில் இருப்பதற்குக் காசு கொடுத்தது. பூட்டிய நம் நாடு, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் ஐந்நூறு ரூபாயாக மூன்று மாதம் கொடுத்தது. ஒப்பிடுவதென்றால் இதையும் சேர்த்து ஒப்பிடு.

3

இனி நம் ஊர்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் முதல் தொற்று 2020 மார்ச் 17 அன்று மாகேயில் கண்டறியப்பட்டது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு மூதாட்டி. தேசிய ஊரடங்கு முடிந்த மே மாதக் கடைசியில் பிரதேசம் முழுவதும் பதிவான தொற்று நூறைக்கூடத் தொடவில்லை. அதன் பிறகு ஆகஸ்டும் செப்டம்பரும் வந்தன. செப்டம்பர் முடிவதற்குள் சாவு ஐந்நூறைத் தாண்டியது. ஆக, "தொறந்து வுட்டப்புறம்தான் சாவு வந்துச்சு" என்ற தகவல் சரி. அதிலிருந்து அவர் இழுக்கும் முடிவு தலைகீழானது. குடை பிடித்திருந்தவரை நனையவில்லை, மடக்கியதும் நனைந்தேன், ஆகவே குடையால் பிரயோஜனமில்லை என்பது போல.

பூட்டுவதால் நோய் சாகாது, தள்ளிப் போகும். அவ்வளவுதான். தள்ளிப்போன அந்த நாட்களில் படுக்கை, ஆக்ஸிஜன், ஆள், மருந்து, சோறு இவற்றைத் தயார்செய்தால் தள்ளிப்போட்டதற்குப் பலன் உண்டு. செய்யாவிட்டால் கூலிக்காரன் பட்டினி கிடந்து சேர்த்துக் கொடுத்த நாட்கள் வீண். அதனால் "ஊரடங்கு பயன்பட்டதா" என்ற கேள்வியே அரைக்கேள்விதான். வாங்கிய நாட்களை யார் எப்படிச் செலவழித்தார்கள் என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி. வானொலி அந்த அரையை மட்டும் கேட்கிறது. அதனால்தான் ஆட்சியாளர்களுக்கு அது வலிப்பதில்லை.

புதுச்சேரியில் செலவழித்த கதையைப் பாருங்கள். 2015-லேயே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் என்ற சோதனைக்கு நம் பிரதேசம் எலியானது. அதனால் 2020-ல் ஒன்றிய அரசு ஐந்து கிலோ இலவச அரிசி அனுப்பியபோது, அதைக் கொடுக்க ரேஷன் கடைகள் நடப்பில் இல்லை. வேறு வழிகளைத் தேட வேண்டியிருந்தது. அரிசியா பணமா என்று துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் வழக்கு ஓடியது. 2021 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நீக்கப்பட்டார். அதே மாதம் நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. ஏப்ரல் 6 அன்று தேர்தல். இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏறிய மே 7 அன்று ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்றார். இரண்டே நாளில் அவருக்கே தொற்று. சிகிச்சைக்குச் சென்னைத் தனியார் மருத்துவமனைக்குப் போனார். அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27 அன்று. அதாவது புதுச்சேரியில் மிக அதிகம் பேர் செத்த வாரங்களில் சுகாதாரத்துக்கென்று தனி அமைச்சர் கிடையாது. முதல்வருக்குச் சென்னை இருந்தது. சேரிக்கு என்ன இருந்தது என்பதுதான் வானொலியில் வராத கேள்வி.

4

இப்போது அடிப்படைக் கேள்விக்கு வருவோம். "சாவு விகிதம்" என்கிறார்களே, அந்தச் சாவை எண்ணியது யார், எப்படி?

2020 ஏப்ரல் 11 அன்று மாகேயைச் சேர்ந்த ஒரு முதியவர், பக்கத்துக் கண்ணூர் மாவட்டத்தில் மருத்துவமனையில் இறந்தார். மாகே இருப்பது கேரளக் கரையில், ஆட்சி புதுச்சேரியுடையது. செத்தவர் எந்தக் கணக்கு? கேரளமா, புதுச்சேரியா? ஒரு பிணத்தை இரண்டு அரசுகளும் ஒன்றன் பக்கம் மற்றொன்று தள்ளின. அதே மே மாதம் கேரளச் சுகாதார அமைச்சர் சைலஜா, பிபிசிக்கு அளித்த பேட்டியில் தங்கள் மாநிலத்தில் நான்கே சாவு என்று விளக்கியபோது, அந்த நான்காவது ஆள் கோவாவிலிருந்து வந்தவர் என்று சொல்லிவிட்டார். கோவாவில் அன்றுவரை ஒரு கொரோனா சாவும் இல்லை. கோவா முதல்வர் பிரமோத் சாவந்த் மறுத்தார். பிறகு அமைச்சர், தான் சொல்ல நினைத்தது மாகே என்று திருத்திக்கொண்டார். உலகம் கேட்கும் ஒலிபரப்பில் ஒரு சாவு, ஊர் மாறிப் போய்த் திரும்பி வந்தது. அமைச்சர் திருத்தினார், அது நல்லது. ஆனால் ஒரே ஓர் ஆளின் சாவே இவ்வளவு அலைந்தால், நூறு ஆயிரம் என்று வரும்போது என்னாகும்?

சென்னையில் என்னானது என்று பார்த்தோம். 2020 ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 சாவுகளைத் தமிழ்நாடு ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. பீகார் 2021 ஜூன் 9 அன்று ஒரே நாளில் 3,951 சாவுகளைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் பீகாரின் அதிகாரபூர்வக் கொரோனா சாவு பத்தாயிரம் பேருக்கு ஒன்றேகால் அளவுதான். புதுச்சேரியில் மொத்தம் சுமார் 1,980 சாவு. 2011 மக்கள்தொகையான 12 லட்சத்து 48 ஆயிரத்தால் வகுத்தால் பத்தாயிரத்துக்குப் பதினாறு. இதை வைத்துப் புதுச்சேரியைவிடப் பீகார் பத்து மடங்குக்கும் மேல் பத்திரமான இடம் என்று யாராவது சொன்னால் சிரிப்போமா மாட்டோமா? நம் பிரதேசத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நகரம், ஊர் சிறிது, மருத்துவமனை பக்கம். சாவு எழுதப்பட்டது. அங்கே எழுதப்படவில்லை. குறைந்த எண் என்பது குறைந்த சாவு அல்ல. பல இடங்களில் அது குறைந்த எழுத்து.

இன்னொரு சிக்கலும் நம் ஊருக்கு உண்டு. சட்டப்படி சாவு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாக வேண்டும். ஜிப்மருக்கும் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கும் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே இறந்தால், நம் பதிவேட்டில் சாவு கூடும், அவர்கள் ஊர்ப் பதிவேட்டில் குறையும். பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு "பாண்டியில இவ்ளோ, பக்கத்து மாவட்டத்துல அவ்ளோ" என்று பேசுவது அபத்தம்.

நாடு முழுமைக்கும் எடுத்தால், 2019-ல் பதிவான சாவு சுமார் 76 லட்சம். 2020-ல் 81 லட்சம். 2021-ல் ஒரு கோடியே 2 லட்சம். இந்தக் கடைசி எண்ணை அரசு வெளியிட்டது 2025-ல். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு, ஒத்துக்கொள்வோம். ஆனால் இந்த இரண்டாண்டுகளுக்கும் அரசு சொன்ன கொரோனா சாவு 4.8 லட்சம். உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் கணித்த கூடுதல் சாவு 47 லட்சம். அரசு அந்தக் கணித முறையை ஏற்கவில்லை. 4.8-க்கும் 47-க்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் கிடக்கும்போது, அதன் கரையில் நின்று 0.2 சதவீத வித்தியாசம் பற்றிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும்.

5

மூன்றாவது வரி: "கொரோனா சாதி பாக்கல." இது வானொலிக்காரரின் சொந்தச் சரக்கல்ல. நோய் தாக்குவதற்கு முன் இனம், மதம், சாதி பார்ப்பதில்லை என்று 2020 ஏப்ரல் 19 அன்று பிரதமரே எழுதினார். பொதுப்புத்தி முழுக்க அந்தச் சொல்லாடல்தான்.

கிருமி சாதி பார்க்காது. வீடு பார்க்கும், வேலை பார்க்கும், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று பார்க்கும். இவை மூன்றையும் இந்த நாட்டில் பங்கிட்டுக் கொடுத்தது எது?

1918 இன்ஃப்ளுயன்சா காலத்தில் பம்பாய் நகரத்தில் சாவைச் சாதிவாரியாக எண்ணினார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர்கள் 8.3, பார்சிகள் 9, மற்ற சாதி இந்துக்கள் 18.9, "கீழ்ச்சாதி இந்துக்கள்" 61.6. சாதி இந்துவைப் போல மூன்று மடங்கு. வெள்ளைக்காரன் நம்மேல் கொண்ட அன்பினால் எண்ணவில்லை. ஆனாலும் எண்ணினான். எண்ணியதால் நூறாண்டு கழித்தும் நாம் அதை எடுத்துப் பேச முடிகிறது.

2020-ல் நடப்பில் இருந்த இறப்புப் பதிவுப் படிவம் செத்தவரின் மதத்தைக் கேட்டது, தொழிலைக் கேட்டது, புகையிலை போடுவாரா, பாக்குப் போடுவாரா என்றுகூடக் கேட்டது. சாதியைக் கேட்கவில்லை. பிறப்பிலிருந்து பள்ளிச் சேர்க்கைவரை எல்லா இடத்திலும் நம்மைத் துரத்தும் அந்தக் கட்டம், சாகும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. பட்டியல் சாதியினர் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கிற புதுச்சேரியில், செத்த 1,980 பேரில் நாம் எத்தனை பேர்? சொல்வதற்குப் படிவத்தில் இடமில்லை.

எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. 2024 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஒரு பகுதித் தரவை எடுத்துக்கொண்டு, 2019-க்கும் 2020-க்கும் இடையே ஆயுள் எதிர்பார்ப்பு எவ்வளவு விழுந்தது என்று பார்த்தது. உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 ஆண்டு. பட்டியல் சாதியினருக்கு 2.7. பழங்குடியினருக்கு 4.1. முஸ்லிம்களுக்கு 5.4. ஆண்களைவிடப் பெண்களுக்கு இழப்பு அதிகம். ஒன்றிய சுகாதார அமைச்சகம் இதை மறுத்தது, தரவு நாடு முழுவதற்கும் பொருந்தாது என்றது. அப்படியானால் பொருந்தக்கூடிய தரவை அரசு வெளியிடட்டும். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே அந்த ஆண்டு நடத்தாதவர்கள், மற்றவர் கணக்கு சரியில்லை என்று சொல்வது எந்த நியாயம்?

இந்த 2020 முழுக்க முழுக்க இரண்டாம் அலைக்கு முந்தைய ஆண்டு. ஊரடங்கு ஆண்டு. "எல்லாருக்கும் ஒரே சாவு" என்ற வரியை இந்த நான்கு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

6

மாமாவின் கோபத்துக்கு வருகிறேன்.

மாமாவின் அக்கா எனக்குப் பெரியம்மா. விழுப்புரம் மாவட்டத்தில், எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக் காலனியில் வாழ்க்கைப்பட்டவர். சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை புதுச்சேரிக்கு வந்து ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு போவார். நம் பிரதேசத்தின் எல்லை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இங்கே ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. 2020 ஏப்ரலில் அந்த எல்லைகளில் தடுப்புக் கட்டை போட்டார்கள். பெரியம்மாவை அண்ணன் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினான். ஒரு நாள் விட்டார்கள். இரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு நாள் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்து விட்டார்கள். மருத்துவமனையில் "நேரம் முடிஞ்சிடுச்சி, நாளைக்கி வா" என்றார்கள். மே மாதம் வீட்டிலேயே செத்துப்போனார். கால் வீங்கி, மூச்சு வாங்கி. நோய்த் தொற்று எதுவும் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர், பார்க்கப் போக எங்களையும் விடவில்லை. கடைசியாக அவர் முகத்தை மாமா பார்த்தது செல்பேசியில்.

அவருடைய சாவு எந்தக் கணக்கில் வரும்? கொரோனாக் கணக்கில் இல்லை. "ஊரடங்குச் சாவு" என்று ஒரு கணக்கு அரசிடம் இல்லை. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டபோது, தரவு இல்லை என்று பதில் வந்தது. மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய பதினாறு பேர்மேல் சரக்கு ரயில் ஏறியதை நாடே பார்த்திருந்தது. பார்த்தது வேறு, தரவு வேறு போலும்.

ஆனால் அரசின் சொந்தப் பதிவேடே ஓர் இடத்தில் உண்மையைக் கக்கியிருக்கிறது. 2019-ல் பதிவான சாவுகளில் மருத்துவக் கவனிப்பே இல்லாமல் இறந்தவர்கள் நூற்றுக்கு 34.5. 2020-ல் அது 45. மருத்துவமனையில் நிகழ்ந்த சாவுகளின் பங்கோ குறைந்தது. ஒரு கொள்ளைநோய் ஆண்டில், மருத்துவமனைக்குப் போய்ச் சாவதற்குக்கூட முடியாதவர்கள் கூடினார்கள். பெரியம்மா அந்த 45-க்குள் எங்கோ இருக்கிறார்.

அதே நாட்களில் ஊரெங்கும் "சமூக இடைவெளி" என்று எழுதி வைத்திருந்தார்கள். சமூகத்தில் இடைவெளி என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே புதுச்சேரிச் சம்பா கோவிலில் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைக்கச் சுவர் இருந்ததையும், 1745-ல் அவர்கள் அதை எதிர்த்து முறையிட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சரியான சொல் உடல் இடைவெளி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. நம் சுவர்களில் பழைய சொல்லே நின்றது. அந்தச் சொல் ஊருக்குப் பழக்கமானது.

எல்லாரும் உள்ளே இருந்தபோது வெளியே இருந்தவர்களும் நாம்தான். குப்பை அள்ளியவர்கள், மருத்துவமனை கழுவியவர்கள், குழி வெட்டியவர்கள். 2020 ஜூனில், சென்னையிலிருந்து வந்து இங்கே இறந்த ஒருவரின் உடலைப் பாதுகாப்பு உடை போட்டவர்கள் குழிக்குள் தள்ளிவிடும் காட்சி பரவியது. ஊர் கொதித்தது, ஆட்சியர் விசாரணைக்கு உத்தரவிட்டார். கொதித்தது சரி, செத்தவருக்கு மரியாதை வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு அந்த ஆட்களை என்ன பயிற்சி கொடுத்து, என்ன கூலிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் கொதித்தவர்கள் எத்தனை பேர்?

7

ஆக, வானொலிக்காரருக்கு நம் பதில் என்ன?

ஊரடங்கு பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. சோறும் கூலியும் மருத்துவமும் கொடுக்காமல் பூட்டியது குற்றம் என்கிறோம். இந்தக் குற்றச்சாட்டை "வித்தியாசம் நூத்துக்குக் கால்கூட இல்ல" என்பவனிடம் நாம் ஒப்படைக்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது கடை திறப்பது. நமக்கு வேண்டியது அடுத்த முறை பூட்ட நேர்ந்தால் முதல் நாளே அரிசி, முதல் நாளே கூலி, எல்லையில் நோயாளிக்குத் தடையில்லாத வழி, வெளியே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு, சாவுப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம்.

அரசு எண்ணும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவத் தோழர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். தெருத் தெருவாகப் போங்கள். 2020 மார்ச்சிலிருந்து 2021 டிசம்பர் வரை யார் யார் இறந்தார்கள், என்ன வயது, என்ன வேலை, எந்த மருத்துவமனை வாசலில் திரும்பினார்கள், இறப்புச் சான்றிதழ் கிடைத்ததா, அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுதாதீர்கள், வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். தொற்றில் செத்தவரையும், வழி மறித்ததில் செத்தவரையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் நாமும் வானொலி ஆகிவிடுவோம்.

இதையெல்லாம் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்கள் வந்த இடத்தில் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் கேட்டார்: "அப்ப அவன் சொன்னது பொய்யி. செரி. அக்கா பேர எதுல எழுதுவ?"

நோட்டை எடுத்து இரண்டாவது பக்கத்தைத் திறந்தேன். பேர், வயது 56, வேலை நடவுக் கூலி என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். "இறந்த காரணம்" என்ற இடம் வந்தபோது சற்று யோசித்துவிட்டு, "வழில நிறுத்துனது, அப்பிடியே எழுது" என்றார்.